சோறும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸ்தான் என்றால், வைக்கோல் ஏன் நமக்குச் செரிப்பதில்லை?

அரிசியின் மாவுச்சத்து, வைக்கோலின் செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸால் ஆனவை என்று பாடத்தில் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. களத்தில் நெல் ஒரு பக்கம், வைக்கோல் ஒரு பக்கம் என்று பிரிவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒரே பயிர், ஒன்று உலைக்கு, இன்னொன்று மாட்டுக்கு.

வித்தியாசம் குளுக்கோஸில் இல்லை, அது கோக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

குளுக்கோஸ் ஒரு வளையம். அதன் முதல் கார்பனில் உள்ள ஓஎச் தொகுதி (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) வளையத்துக்குக் கீழே இருந்தால் ஆல்ஃபா, மேலே இருந்தால் பீட்டா. ஒன்றின் முதல் கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இதுவரை இரண்டுக்கும் பொது. ஆல்ஃபாவாகச் சேர்ந்தால் மாவுச்சத்து, பீட்டாவாகச் சேர்ந்தால் செல்லுலோஸ்.

அம்மா பூ தொடுப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு இது முழுசாகப் புரிந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று மாற்றி வைத்தால் சரம் நேராக நிற்கும். எல்லாப் பூவையும் ஒரே பக்கம் வைத்தால் வளைந்து சுருளும். செல்லுலோஸில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்கு எதிராகத் திரும்பியிருப்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் நெருங்கிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிணைப்பு தனியாகப் பார்த்தால் பலவீனமானது. ஆயிரக்கணக்கில் சேரும்போது நாராகிவிடுகிறது. மாவுச்சத்தின் சங்கிலி சுருள்வது, கிளை விடுவது. கொதிக்கும் தண்ணீர் அதற்குள் எளிதாகப் புகுந்துவிடும். சோறு வேகும்போது நடப்பது இதுதான்.

நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் நொதி ஆல்ஃபா பிணைப்பை மட்டுமே வெட்டும். வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருங்கள், கொஞ்ச நேரத்தில் இனிக்கும், அது மால்டோஸ் என்ற சர்க்கரை. செல்லுலோஸின் பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி நம் உடலில் உருவாவதில்லை. வைக்கோலில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும், மணலில் இருக்கும் சிலிக்காவும் வேறு இருப்பதால் அது இன்னும் முரடு.

அப்புறம், மாடும் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் செல்லுலேஸ் நொதியால் வைக்கோலை உடைக்கின்றன. கிடைக்கும் குளுக்கோஸையும் அவையே நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாடு உறிஞ்சிக்கொள்வது பெரும்பாலும் அந்த அமிலங்களைத்தான். அதிலிருந்து பால் வருகிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, சோற்றுப் பருக்கையில் ஒரு சொட்டு, பஞ்சில் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்துச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்துகொள்வதால் சோறு கருநீலமாகும். பஞ்சு ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். அதில் சுருள் இல்லை, மருந்தின் பழுப்பு நிறம்தான் தெரியும். பஞ்சுக்குப் பதிலாகக் கஞ்சி போட்ட வேட்டியை எடுத்துவிடாதீர்கள். அதுவும் நீலமாகும்.