ஆடும் நாற்காலி: பசை போடும் முன்னும் பின்னும்

கேள்வி: அண்ணா, எல்லாப் பாகமும் தயார். பசை தடவி ஒரே மூச்சில் பூட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் பசையே இல்லாமல் முழு நாற்காலியையும் பூட்டிப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் உட்பட எல்லாம் மாட்டி, எது முதலில், எது அடுத்தது என்று கை பழகட்டும். வெள்ளைப் பசை தடவியபின் கிடைக்கும் நேரம் 5 முதல் 10 நிமிடம்தான். அதனால் பகுதி பகுதியாக ஒட்டுங்கள். முன்கால் இரண்டும் குறுக்குச் சட்டமும் தனியாக, பின்கால்களும் முதுகும் தனியாக. இவை காய்ந்தபின் பக்கச் சட்டங்கள். கைப்பிடி முன்காலின் தலையிலும் பின்காலின் துளையிலும் உட்காருவதாக இருந்தால், அதுவும் பக்கச் சட்டங்களோடு ஒன்றாக ஏற வேண்டும். மறந்துவிட்டால் அப்புறம் அதை நுழைக்க வழியே கிடையாது.

கேள்வி: ஐயா, கழுந்தை (துளைக்குள் நுழையும் சட்டத்தின் முனையை) அடித்து இறக்கும்போது கால் விரிசல் விட்டுவிட்டது. இத்தனைக்கும் பசை இல்லாமல் பார்த்தபோது கையாலேயே இறங்கியது.

பதில்: அடியில் தேங்கிய பசையின் வேலை அது. எனக்கும் ஒருமுறை நடந்திருக்கிறது. முக்கால் வாசி இறங்கியதும் சுத்தியல் துள்ள ஆரம்பித்தது. நான் இன்னும் ஓங்கி அடித்தேன், காலில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. பசைக்கு வெளியேற இடமில்லாவிட்டால் மரத்தைத்தான் பிளக்கும். துளையின் சுவர்களில் சின்னக் குச்சியால் பூசுங்கள், கழுந்துக்கு மெல்லிய பூச்சு போதும். கழுந்து துளையின் ஆழத்தைவிட 2 மி.மீ. குட்டையாக இருக்கட்டும். உருண்டைக் கழுந்தாக இருந்தால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுவிடுங்கள், காற்றும் பசையும் அதன் வழியே வந்துவிடும். இன்னொன்று, பசையின் ஈரத்தில் மரம் உப்பும். காய்ந்த நிலையிலேயே சுத்தியல் கேட்கிற கழுந்து, பசையோடு பாதி வழியில் நின்றுவிடும்.

கேள்வி: தேக்கில் பசை பிடிக்கவே மாட்டேன் என்கிறதே?

பதில்: தேக்கு மரத்திலேயே எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த உடனே ஒட்டுங்கள்.

கேள்வி: வழிந்த பசையை ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: துடைத்தால் நீர்த்த பசை மரத்துளைகளில் இறங்கி, பாலிஷ் போட்டதும் வெளிறிய திட்டாகத் தெரியும். அரை மணி பொறுங்கள். ரப்பர் மாதிரி ஆனதும் உளியால் வழித்தெடுங்கள்.

கேள்வி: கால்களுக்கு அடியில் வரும், நாற்காலியை ஆடவைக்கும் அடிவளைவுகள் இரண்டையும் 3 மி.மீ. மரப்பட்டைகளை அச்சில் வளைத்து ஒட்டிச் செய்தேன். அச்சிலிருந்து எடுத்ததும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. இப்போது ஆடும்போது நாற்காலியும் ஒரு பக்கமாக நகர்ந்து போகிறது.

பதில்: நிமிர்வது இயல்பு, பட்டை மெலிந்தால் நிமிர்வதும் குறையும். நகர்வதற்குக் காரணம் இரண்டும் ஒரே வளைவாக இல்லாததுதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, அடிப்பக்கத்தை ஒரே பரப்பாக இழைத்துத் தேயுங்கள். அடுத்த முறை வளைக்கும்போது எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை) பயன்படுத்துங்கள். வெள்ளைப் பசை விடாத இழுவிசையில் மெல்ல மெல்ல வழுகும். அச்சிலேயே ஒரு முழுநாள் இருக்கட்டும்.

காலில் பொருத்தும்போது உடனே ஒட்டாதீர்கள். கிளாம்ப் மட்டும் போட்டு, ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். நாற்காலி அதிகமாகப் பின்னால் சாய்ந்தால் வளைவுகளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள், முன்னால் கவிழ்ந்தால் முன்னுக்கு. உட்கார்ந்தவர் காலால் உந்தாமலே இதமாக நிற்கிற இடம் கிடைத்ததும், நான்கு கால்களையும் சுற்றிப் பென்சில் கோடு போட்டுவிட்டுப் பசையை எடுங்கள்.