பால்வீதியை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

கேள்வி: சூரியன் பால்வீதியின் மையத்தை ஒருமுறை சுற்றிவர 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று படித்தேன். அவ்வளவு காலம் யாரும் உட்கார்ந்து பார்த்திருக்க முடியாதே? பால்வீதிக்கு எடை வேறு சொல்கிறார்கள். எந்தத் தராசில் நிறுத்தார்கள்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: முழுச் சுற்றையும் பார்க்க வேண்டியதில்லை அம்மா. கடிகாரத்தின் சின்ன முள் ஒரு நிமிடத்தில் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க முடிந்தால் போதும், அது சுற்றி முடிக்க 12 மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிடலாம்.

ஆடி மாதத்தில் மேகமில்லாத இரவு கிடைத்தால், 9 மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பார். தனுசு ராசி நிற்கும். மையம் அந்தத் திசையில்தான். நடுவில் தூசி மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ தொலைநோக்கிக்குத் தெரியும். அங்குள்ள சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற புள்ளியை, வெகு தொலைவில் அசையாமல் நிற்கும் குவாசர்களோடு (மிகப் பிரகாசமான விண்மீன் திரள் மையங்கள்) ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். நாம் நகர்வதால் அது எதிர்ப்பக்கம் நகர்வதுபோல் தெரிகிறது, பஸ் ஜன்னலில் பனைமரம் பின்னால் ஓடுகிற மாதிரி. ஒரு பாகையை 3,600 பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி 1,000 துணுக்காக்கினால், ஆண்டுக்கு 6.4 துணுக்கு நகர்கிறது. அவ்வளவுதான்!

இப்போது வகுத்துப் பார். ஒரு பாகைக்கு 36 லட்சம் துணுக்கு. 6.4 ஆல் வகுத்தால் 5,62,500 ஆண்டு. அதை 360 ஆல் பெருக்கினால் 20 கோடியே 25 லட்சம். வேலையில் இருந்தபோது இதைப் பலகையில் போடுவேன். 5,62,500 வருகிற வரியில் கடைசி பெஞ்சும் அமைதியாகிவிடும்.

சரி, தராசுக்கு வருவோம். வட்டமாகச் சுற்றும் பொருளை இழுத்துப் பிடிக்கும் நிறை, வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் கிடைக்கும். அந்த மாறிலி வந்தாலே பத்தின் அடுக்குகளில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதனால் பூமியைப் படிக்கல்லாக வைத்துக்கொள், அதை இழுத்துப் பிடிப்பது ஒரு சூரியனின் நிறை. இரண்டையும் ஒப்பிட்டால் மாறிலி அடிபட்டுப் போகும். பூமி சூரியனை விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, சூரியன் மையத்தைச் சுமார் 240 கி.மீ. வேகத்தில். 8 மடங்கு, வர்க்கம் 64. மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 164 கோடி மடங்கு. இரண்டையும் பெருக்கு: 10,000 கோடிக்குச் சற்று மேல். அத்தனை சூரியன்களின் நிறை!

ஆனால் இதைப் பால்வீதியின் மொத்த நிறை என்று எழுதிவிடாதே. சூரியனின் பாதைக்கு உள்ளே இருக்கும் நிறை மட்டும்தான் இது. வெளியே இருப்பதன் இழுப்பு பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பால்வீதி உருண்டையாக இல்லாமல் தட்டுபோல் இருப்பதால் இது தோராயம்தான்.

வெளியே போகப் போகத்தான் விஷயம் இருக்கிறது. நெப்டியூன் பூமியைவிட 30 மடங்கு தொலைவில் இருக்கிறது, வேகம் 5.4 கி.மீ.தான். நிறையெல்லாம் நடுவில் சூரியனிடமே இருப்பதால் விளிம்பில் வேகம் குறைகிறது. பால்வீதி போன்ற ஒரு விண்மீன் திரளின் ஓரத்திலும் அப்படித்தானே குறைய வேண்டும்? 1970-இல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு என்ற வானியலாளர்கள் ஆண்ட்ரோமெடா என்ற பக்கத்து விண்மீன் திரளின் வாயு மேகங்களுடைய வேகத்தை அளந்தார்கள். ஒளி மங்குகிற ஓரத்திலும் வேகம் அப்படிக் குறையவில்லை. அப்புறம் விண்மீன்களைத் தாண்டி, ஹைட்ரஜனின் ரேடியோ அலைகளை வைத்து அளந்தபோதும் அதே கதைதான். வேகம் மாறாமல் தூரம் இரட்டித்தால் உள்ளே நிறையும் இரட்டித்தாக வேண்டும். ஒளியோ அங்கே இல்லை. அந்தக் கண்ணுக்குத் தெரியாத நிறையைத்தான் கரும்பொருள் என்கிறார்கள்.

நீயே ஒன்று போட்டுப் பார். ஆண்ட்ரோமெடாவின் மையத்திலிருந்து 1 லட்சம் ஒளியாண்டு தள்ளி, வேகம் விநாடிக்குச் சுமார் 225 கி.மீ. விடை 35,000 கோடி சூரியன்களை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் ஒளியாண்டை மாற்றிய வரியைச் சரிபார். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.