14 வயதுப் பையனுக்கு மார்புக் காம்புக்கு அடியில் கட்டி போல இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. ஹார்மோன் கோளாறா? யாரிடம் காட்டுவது?

பெரும்பாலும் கோளாறு இல்லை. பருவ வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வந்து போகிறது. கைனகோமாஸ்டியா என்பார்கள். எனக்கும் அந்த வயதில் இருந்தது, ஒரு பக்கம் மட்டும். பள்ளிப் பையின் வார் உரசினாலே சுரீர் என்று வலிக்கும். யாரிடமும் சொல்லாமல் தோளைக் கூனிக்கொண்டு திரிந்தேன். உங்கள் மகன் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறானே, நல்லது.

ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவை எட்டும்வரை இரண்டின் விகிதமும் ஏறுமாறாக இருக்கும். அதில்தான் மார்புத் திசு வீங்குகிறது. பலருக்கும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும்.

முதலில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அவரே எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் (ஹார்மோன் சிறப்பு மருத்துவர்) அனுப்புவார். பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு விரலால் காம்பை நோக்கி அழுத்திப் பார்ப்பார். ரப்பர் வில்லை மாதிரி தட்டுப்பட்டால் சுரப்பித் திசு. எதுவும் தட்டாமல் மெத்தென்று இருந்தால் வெறும் கொழுப்பு. விரைகளையும் பார்ப்பார். பையன் நெளிவான், ஆனால் அதைத் தவிர்க்கக் கூடாது. விரைகள் வயதுக்கு மிகச் சிறிதாக, கெட்டியாக இருந்தால் கிளைன்ஃபெல்டர் எனும் குரோமோசோம் பிரச்சினையா என்று சோதிப்பார்கள். விரையில் கட்டி, காம்பில் கசிவு, காம்பை விட்டு விலகி நிற்கும் கல் போன்ற கட்டி, பருவமடையும் அறிகுறியே இல்லாத சின்ன வயதில் வந்த வீக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கும் முன்பே லேபுக்குப் போய் 'ஹார்மோன் புரொஃபைல்' மொத்தமாக எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சாதாரணமான வளர்ச்சி என்றால் ரத்தப் பரிசோதனையே தேவைப்படாமல் போகலாம். ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான அளவு அச்சாகியிருந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் பையனின் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்றுதான் காட்டும். அப்புறம் ராத்திரி தூக்கம் போய்விடும். டாக்டர் எழுதிக்கொடுத்தால் காலையிலேயே ரத்தம் கொடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

அவன் சாப்பிடும் மருந்துகளை எல்லாம் எழுதி எடுத்துப் போங்கள். ரிஸ்பெரிடோன், ஸ்பைரனோலாக்டோன் போன்றவையும் இப்படி வீக்கம் தரும். அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசரமே இல்லை. ஒன்றிரண்டு வருடம் கழிந்தும், வளர்ச்சி முடியும் தறுவாயிலும் வடியாமல் நின்றால் அப்போது யோசிக்கலாம்.

இன்னொன்று, டாக்டரிடம் அவனைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். யாரோ கொடுத்த ஜிம் பவுடரில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் மார்பு வீங்கும். உங்களை வைத்துக்கொண்டு அதை அவன் சொல்ல மாட்டான்.