உதவி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் முதுகலை வரலாறு படிக்கிறாள். 'இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பெண்களின் உதவி' என்று ஒரு கட்டுரை எழுதுகிறாள். ரேஷன், இருட்டடிப்பு, ராணுவத்தில் பெண்கள் பிரிவு என நிறையச் சேர்த்துவிட்டாள். போர் அவர்களுக்கு விடுதலை தந்ததா, இல்லை முடிந்ததும் அடுப்படிக்கே திரும்பிவிட்டார்களா என்பது அவளுடைய கேள்வி. படிக்க ஏதாவது சொல்லுங்கள். 1943இல் வங்காளம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் ரேஷன் கஷ்டத்தைப் பேசலாமா என்று எனக்கும் ஓர் உறுத்தல்.

ர., தென்காசி

அன்புள்ள ர.,

உறுத்தல் நல்லதுதான், இருக்கட்டும். பஞ்சத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் லண்டன் அமைச்சரவையில் இருந்தார்கள். வாரத்துக்கு 2 அவுன்ஸ் தேயிலையை எண்ணிப் போட்டவர்கள் அல்ல. அதை இத்தோடு விடுகிறேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது தலைப்பு. போன வாரம் ஒரு கூட்டத்தில் பதிப்பாளர் ஒருவர், தன் மனைவியும் வேலையில் 'உதவுகிறார்' என்றார். மெய்ப்பு, கணக்கு, பார்சல் எல்லாம் அந்த அம்மாள். இவர் செக்கில் கையெழுத்துப் போடுகிறவர். வீட்டுக்கு வந்தும் அந்தச் சொல் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மறுநாள் உங்கள் கடிதம்.

தொண்ணூறுகளில் லீட்ஸில் ஓர் அம்மாள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். எழுபத்தைந்தை நெருங்கும் வயது. ரேஷன் 1954இலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் டீத்தூளை ஸ்பூனில் எடுத்து விரலால் வழித்துச் சமப்படுத்தித்தான் போடுவார். போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஏ.டி.எஸ். படையில் இருந்ததாக ஒருநாள் சொன்னார். டைப் அடித்திருப்பார், சமைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பெண் என்றால் உதவிதான் என்று நினைப்பதில் நானும் உங்கள் ஆள்தான்.

அப்புறம்தான் தெரிந்தது, அவர் விமான எதிர்ப்புப் பீரங்கித் தளத்தில் பிரெடிக்டரில் நின்றவர். குண்டு மேலே போய்ச் சேரப் பல விநாடிகள் ஆகும். அதற்குள் விமானம் நகர்ந்துவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தைச் சுட்டுப் பயனில்லை, இருக்கப்போகும் இடத்தைச் சுடவேண்டும். அந்த இடத்தைக் கணக்கிடுகிற இயந்திரம்தான் பிரெடிக்டர். ஒருத்தி தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் விமானத்தைத் தொடர்வாள். இன்னொருத்தி மேலும் கீழுமாக. உயரமானிக்கு வேறு பெண்கள். கணக்கு கம்பி வழியாகப் பீரங்கிக்குப் போகும். அவர் பாத்திர மூடியை மடியில் வைத்து, குமிழைப் பிடித்து, நூலிழை நூலிழையாகத் திருப்பிக் காட்டினார். கண் என் பக்கமே வரவில்லை, ஜன்னலுக்கு வெளியே எதையோ தொடர்ந்துகொண்டிருந்தது. கை அதுபாட்டுக்குத் திரும்பியது. நடுவில் விட்டால் எல்லாம் போச்சு என்றார்.

"எத்தனை விமானம் விழுந்தது?" என்று கேட்டேன்.

"சுட்ட பையனைக் கேள்."

கேலியென்று நினைத்தேன். சட்டமே அப்படித்தானாம். பின்னாளில் விமான எதிர்ப்புப் படையின் தளபதியான ஃபிரடெரிக் பைல், 1938இலேயே கரோலின் ஹாஸ்லெட் என்ற பெண் பொறியாளரை அழைத்துத் தளங்களைக் காட்டினார். கனமான குண்டு தூக்குவது தவிரக் கருவி வேலை எல்லாம் பெண்களால் முடியும் என்றார் ஹாஸ்லெட். 1941இலிருந்து ஆண்களும் பெண்களும் கலந்த பேட்டரிகள், அதாவது பீரங்கிப் பிரிவுகள், வந்தன. சர்ச்சிலின் மகள் மேரியே ஒன்றில் இருந்தார். சரி, பெண் உயரம் பார்க்கலாம், கணக்குப் போடலாம், குண்டு விழுந்தால் அதே இடத்தில் சாகவும் செய்யலாம். பீரங்கியைச் சுடும் அந்த ஒரு அசைவு மட்டும் ஆணுடையது! 1941 டிசம்பரில் மணமாகாத இளம்பெண்களைக் கட்டாயச் சேவைக்கு அழைத்த சட்டத்திலும், அவளே எழுதிக்கொடுத்தாலொழிய கொல்லும் ஆயுதத்தைக் கையாளச் சொல்லக்கூடாது என்று ஒரு விதி. தேடுவிளக்குத் தளங்களில் காவல் நின்ற பெண்களுக்குத் துப்பாக்கி கிடையாது, பிக்காசுக் காம்பு கொடுத்தார்கள். ஜெர்மன்காரன் பாராசூட்டில் குதித்தால் காம்பால் அடிக்கவேண்டும். சம்பளம் ஆண்களுக்குத் தருவதில் மூன்றில் இரண்டு பங்கு. குண்டுவீச்சில் ஊனமான சாதாரணப் பெண்ணுக்குக்கூட ஆணைவிட வாரம் 7 ஷில்லிங் குறைவாகத்தான் நஷ்டஈடு. நாடாளுமன்றத்தில் சண்டை போட்டு 1943இல்தான் அதைச் சமமாக்கினார்கள். கால் ஒன்றுதானே ஐயா, அதில் என்ன ஆண் கால், பெண் கால்?

உங்கள் மகள் 'உதவி' என்ற சொல்லை வானத்திலிருந்து பிடிக்கவில்லை. படையின் பெயரே 'ஆக்ஸிலியரி', அதாவது துணை. அவள் மாணவி, ஏட்டில் இருப்பதை எடுத்தாள். அவள்மேல் கோபமில்லை, உண்மையில் அவளை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. கோபம் உங்கள்மேல்தான். தலைப்பைப் படித்தீர்கள், எனக்குத் தட்டச்சும் செய்தீர்கள், ஒன்றுமே தோன்றவில்லையா? இயந்திரத்தின் எல்லாச் சக்கரத்தையும் ஒருத்தி சுற்ற, கடைசி விசையை ஒருவன் தட்ட, அவன் சுட்டான், இவள் உதவினாள் என்று எழுதுவது வரலாறா?

அடுப்படிக்குத் திரும்பினார்களா என்றால், அந்த லீட்ஸ் அம்மாள் திரும்பினார். பிறகு துணிக்கடையில் கணக்கும் எழுதினார். கடைக்காரருக்கு உதவியாக என்றுதான் அவரும் சொன்னார்.

படிக்கக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். லண்டன் இம்பீரியல் வார் மியூசியம் இந்தப் பெண்களின் பேட்டிகளை ஒலிப்பதிவாக இணையத்தில் வைத்திருக்கிறது. முதலில் அவற்றைக் கேட்கட்டும். வடக்கு இங்கிலாந்து உச்சரிப்பு கொஞ்சம் படுத்தும். இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கேட்டால் பழகிவிடும்.