வாசகர் கேள்வி – பதில்: மெக்சிகோ மாம்பழம்

கேள்வி: இங்கே கடையில் 'ஆர்கானிக்' ஸ்டிக்கர் ஒட்டிய மெக்சிகோ மாம்பழம்தான் வாங்குகிறோம். ஆனால் அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் அனுப்புகிறார்களாமே, அப்புறம் அது எப்படி ஆர்கானிக்? – வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வெந்நீரில் போடுவது உண்மைதான் சகோதரி. 46.1 டிகிரி செல்சியஸ் சூட்டில், பழத்தின் எடையையும் வடிவத்தையும் பொறுத்து 65 முதல் 110 நிமிடம் வரை வைக்கிறார்கள். பழத்துக்குள் பழ ஈயின் முட்டையோ புழுவோ இருந்தால் உயிரோடு அமெரிக்காவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக. தண்ணீரும் சூடும்தான், மருந்து கிடையாது, அதனால் ஆர்கானிக் விதி இதைத் தடுப்பதில்லை. சினலோவா மாநிலத்தின் வடபகுதி பழ ஈ இல்லாத பகுதி என்று ஏற்கப்பட்டிருப்பதால் அங்கே விளைந்த பழத்துக்கு இந்த வெந்நீர்கூடத் தேவையில்லை. சிலசமயம் காம்புப் பக்கம் குழி விழுந்த பழம் கிடைக்கும் பாருங்கள், அது பெரும்பாலும் சரியாக முற்றாத காயைப் பறித்து வெந்நீரில் போட்டதால் வருவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2007 முதல் அமெரிக்காவுக்குப் போகும் இந்திய மாம்பழம் கதிர்வீச்சு கொடுத்த பிறகே உள்ளே போகிறது. கதிர்வீச்சு பட்ட எதையும் ஆர்கானிக் என்று விற்க அங்கே அனுமதி இல்லை. தொழு உரமும் பஞ்சகவ்யமும் மட்டுமே போட்டு வளர்த்த பழமாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையில் அதற்கு அந்த ஸ்டிக்கர் கிடைக்காது. அதனால் ஸ்டிக்கர் இல்லை என்பதற்காக நம் பழத்தைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் மா விவசாயி. ரசாயன மருந்து அடிக்காமல் பழ ஈயை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? – வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஐயா, பாதி வேலை துப்புரவுதான். கீழே விழுந்த பழத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கி, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுவது. விழுந்த பழத்தை மண்ணில் அழுக விட்டால் அதிலிருக்கும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை ஈயாக வெளியே வரும், பிறகு எந்தப் பொறியை வைத்தும் பெரிய பலன் இல்லை. பொறி விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர் என்பேன். நம் ஊர் ஈயின் ஆண்களை 'மெத்தில் யூஜினால்' என்ற வாசனைப் பொருள் ஒரே இடத்துக்கு இழுத்துவிடும். மெக்சிகோவின் அனஸ்ட்ரெஃபா ஈ அதற்கு மசியாது, அங்கே புரதம் கலந்த கரைசலை வைத்துத்தான் இழுக்க வேண்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாடை இரையோடு கலந்து அங்கங்கே தெளிக்கும் முறைக்கு ஆர்கானிக்கில் அனுமதி உண்டு, மரம் முழுக்க நனைக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் அரசின் பங்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சியாபாஸ் மாநிலத்தில், குவாத்தமாலா எல்லையை ஒட்டிய மெத்தாப்பா என்ற ஊரில் ஈயை வளர்ப்பதற்கென்றே ஆலை இருக்கிறது. கோடிக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிடுகிறார்கள்; அவற்றோடு இணையும் பெண் ஈக்கள் இடும் முட்டை பொரிப்பதில்லை. புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவியையும் அங்கே வளர்க்கிறார்கள். ஒரு விவசாயி தனியாக மருந்தை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தோப்பைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டே இருக்க முடியாது ஐயா, வட்டாரமே சேர்ந்து செய்தால்தான் இது நடக்கும்.

மற்றபடி, பூங்கொத்து தடித்துக் கெட்டுப்போகும் நோய்க்கு அவர்கள் 'சூனியக்காரி துடைப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிளைகளைக் கவாத்து செய்து எரிப்பதுதான் வழி. சீக்கிரம் பூக்க வைக்கிற 'பேக்லோபுட்ரசால்' என்ற ரசாயனம் ஆர்கானிக்கில் கூடாது. தடைசெய்த மருந்தையும் உரத்தையும் நிலத்தில் போடுவதை நிறுத்தி மூன்று ஆண்டு கழிந்த பிறகுதான் அமெரிக்க ஆர்கானிக் சான்றிதழ். அந்த மூன்று ஆண்டும் செலவு ஆர்கானிக் செலவு, விலை சாதாரண விலை. சிறு விவசாயி தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி: மாமரம் மெக்சிகோவின் சொந்த மரமா? – வாசகர், திருச்சி

பதில்: இல்லை. மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் நடுவே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸிலிருந்து போனது, இன்றும் அங்கே ஒரு ரகத்தின் பெயரே மணிலா. சியாபாஸின் தபச்சுலாவில் அத்தாவுல்போ மொராலெஸ் என்பவரின் நிலத்தில் நின்ற மரங்களிலிருந்து வந்ததுதான் மஞ்சள் நிற அத்தாவுல்போ ரகம். 2003இல் அந்த வட்டாரத்துக்குப் புவிசார் குறியீடு மாதிரியான பாதுகாப்பும் கிடைத்தது. சிவப்பு ரகங்கள் ஃபுளோரிடாவிலிருந்து வந்தவை. அவற்றில் ஹேடன், இந்தியாவிலிருந்து போன முல்கோபா மரத்தின் விதையில் முளைத்தது.

கேள்வி: நம்மைப் போல உப்பு, மிளகாய்த் தூள் போட்டுச் சாப்பிடுவார்களா? – வாசகி, மதுரை

பதில்: நம்மைவிட ஒரு படி மேலே! நாம் காய்க்கு மட்டும் போடுகிறோம், அவர்கள் பழுத்த பழத்துக்கும் போடுகிறார்கள். பழத்தைக் குச்சியில் செருகி, இதழ் இதழாகப் பூப்போலச் செதுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தெருவில் விற்பார்கள். மிளகாய் அங்கிருந்து நமக்கு வந்தது, மா ஆசியாவிலிருந்து அங்கே போனது. இரண்டு கரையிலும் இரண்டையும் சேர்த்துத் தின்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மாம்பழக் கூழையும் ஐஸையும் அடித்து, சாமோய் என்ற புளிப்பும் காரமுமான சாற்றை ஊற்றினால் மாங்கோனாடா. கொட்டையைக் குத்திப் பிடிக்க நடுமுள் நீண்ட தனி முள்கரண்டிகூட உண்டு. பூக்கும்போது வெப்பநிலை ஒத்துவராமல் கரு பிடிக்காத பூவிலிருந்து கொட்டையில்லாத குட்டிப் பழம் வரும், அதற்கு 'குழந்தை மாம்பழம்' என்று பெயர். ஏற்றுமதிக்கு ஆகாது, ஆனால் தின்ன அருமை.

வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் நார் இல்லாத, கொஞ்சம் கெட்டியாக இருக்கும் பழமாக எடுங்கள். பங்கனப்பள்ளி சரியாக வரும். மிளகாய்த் தூளை வெறும் சட்டியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், பச்சை வாடை இருந்தால் பழத்தின் வாசனையை அடித்துவிடும்.