கட்டி சின்னது, வீக்கம் ஏன் இவ்ளோ பெருசு?

கேள்வி: அண்ணனுக்கு மூளைல கட்டி. கட்டி ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்ல, ஆனா சுத்தி பெரிய வீக்கம் இருக்குன்னு சொல்றாங்க. டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு குடுத்த ரெண்டாவது நாளே தலைவலி போயிடுச்சு, நல்லா பேசுறார். அப்போ கட்டி கரையுதா டாக்டர்?

பதில்: இல்லைங்க, வடிஞ்சது வீக்கம், கட்டி அப்படியேதான் இருக்கும். லிம்ஃபோமான்னு ஒரு வகை மட்டும் ஸ்டீராய்டுக்கே சுருங்கும், அதனாலதான் அந்த சந்தேகம் இருந்தா பயாப்ஸி (கட்டில சின்னத் துண்டு எடுத்து சோதிக்கறது) எடுக்கறவரைக்கும் முடிஞ்சா ஸ்டீராய்டைத் தள்ளிப் போடுவாங்க.

மூளைல இருக்கற ரத்தக்குழாயோட உள்சுவர் செல்லெல்லாம் தையல் போட்ட மாதிரி நெருக்கமா ஒட்டியிருக்கும், கண்டது உள்ள போக முடியாது. கட்டி வேகமா வளரும்போது ஆக்சிஜன் பத்தாம போகுது, உடனே அது வி.இ.ஜி.எஃப்-னு ஒரு புரதத்தை சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்குது, ஆனா அவசரத்துல கட்டின குழாய்ங்கறதால தையல் சரியா இருக்காது, பழைய குழாயோட தையலும் விட்டுப்போகும், ரத்தத்துல இருக்கற தண்ணியும் புரதமும் கசிஞ்சு வெளிய வந்துடும். 1983ல இந்தப் பொருளைக் கண்டுபிடிச்சப்போ வெச்ச பேரே ‘குழாயைக் கசிய வைக்கிற காரணி’ங்கற அர்த்தத்துலதான்!

ஆக, வீக்கத்தை முடிவு பண்றது கட்டியோட சைஸ் மட்டும் இல்ல, அது எவ்ளோ கசிய விடுதுங்கறதும்தான். நுரையீரல்லருந்து பரவி வந்த குட்டிக் கட்டி பெரிய வீக்கத்தைக் கெளப்பும், மெதுவா வளர்ற சில கட்டி பெருசா இருந்தும் சும்மா கெடக்கும். கசிஞ்ச தண்ணி மூளையோட வெள்ளைப் பகுதிலதான் அதிகம் பரவும், ஏன்னா அங்க நரம்பு இழை கத்தை கத்தையா ஒரே பக்கமா ஓடுது, இடுக்குல போறது சுலபம். எம்ஆர்ஐ-ல விரல் விரிச்ச மாதிரி தெரியறது அதான். மண்டை ஓடு விரியாதே, அதான் தலைவலி, வாந்தி.

ஸ்டீராய்டு அந்தத் தையலை இறுக்குது, வி.இ.ஜி.எஃப்-ஐயும் கொறைக்குது, அதான் ரெண்டு நாள்ல இந்த மாற்றம். நல்லாயிட்டாரேன்னு நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, உடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்டு அதுக்குள்ள படுத்திருக்கும், டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். இந்த மாத்திரையால சுகர் ஏறும், தூக்கம் கெடும். சேர்லருந்து எந்திரிக்க தொடைல பலம் இல்லைன்னு அண்ணன் சொன்னா கட்டியாலதான்னு நீங்களே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, இந்த மாத்திரையாலயும் அப்படி வரும்.