வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

முதுகுவலியால் மூன்று வருடமாக மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் இருக்கும் அண்ணனை அரைநாள் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், பணம் நின்றுவிடும் என்று அவர் தயங்குகிறார் என எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம்தான். தயவுசெய்து அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் உதவித்தொகை அலுவலகத்தில் கேளுங்கள். எவ்வளவு சம்பாதித்தால் தொகை குறையும்? படிப்படியாகவா, ஒரேயடியாகவா? மருத்துவச் சலுகை தொடருமா? வேலை ஒத்துவராவிட்டால் புதிதாக விண்ணப்பிக்காமல் பழைய தொகைக்கே திரும்ப முடியுமா? சில நாடுகளில் இதற்கென்றே சோதனைக் காலம் உண்டு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த மாதம் அங்கே இருப்பாரா, தெரியாது. சம்பளம் வந்ததும் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகத் தந்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம் அந்த முதுகுவலி. எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எப்போது வலி ஏறுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைக்கட்டும். அந்தத் தாளைக் காட்டி, நின்றும் வேலை பார்க்கும்படியான மேசை, நடுவில் எழுந்து நடக்க அனுமதி என்று கேட்கலாம். சலுகையாகக் கெஞ்ச வேண்டியதில்லை. 2006-இல் ஐநா ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவிலேயே, வேலையிடத்தில் இப்படி நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று இருக்கிறது. முதல் மாதம் வாரம் மூன்று நாள் போதும்.